ரிவர்ஸ் கிராட் ஃபில்டர்: கடலில் விழும் சூரியனுக்கு மட்டும்

கடலில் சூரியன் இறங்குவதைத்தான் அதிகம் படம் எடுப்பீர்கள் என்றால் ரிவர்ஸ் கிராட் ஃபில்டரைத் தயங்காமல் வாங்குங்கள். கிராட் என்பது லென்ஸுக்கு முன்னால் மாட்டும், ஒரு பாதி மட்டும் கருமையேறிய ஃபில்டர். மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள். என்னிடம் இருப்பது 100 மி.மீ. அகலக் கண்ணாடி, கருமை அளவு 0.9, அதாவது 3 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது). கருமை கூடிய இடத்தில் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

சாதாரண கிராட் உச்சியில் கருப்பாக இருந்து கீழே வரவர வெளுக்கும். ஆனால் சூரியன் அடிவானத்தைத் தொடும்போது உச்சி வானத்தில் ஏது அவ்வளவு வெளிச்சம்? கண் கூசுவது அந்தக் கோட்டருகில்தான். ரிவர்ஸில் கருமை நடுவில் அடர்த்தியாகத் தொடங்கி மேலே போகப் போகக் குறைகிறது. கன்னியாகுமரிக்குப் பக்கத்துக் கோவளத்தில், முன்னால் ஈரப் பாறை, பின்னால் சூரியன் என்று வைத்து எடுத்த படத்தில் பாறையின் சொரசொரப்பும் அதில் வழிந்திறங்கும் நுரையும் தெரிகின்றன, மேல்வானத்தின் ஊதாவும் கறுக்காமல் அப்படியே நிற்கிறது. இது எனக்கு ரொம்பப் பிடித்தது.

சரி, ஃபில்டர் போட்டுவிட்டோம் என்று எக்ஸ்போஷரை கேமராவிடம் விட்டுவிடாதீர்கள். மேனுவலில் வைத்து, திரையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் (இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) பாருங்கள், ஏனென்றால் ஒற்றை வெள்ளை ஹிஸ்டோகிராம் ஒழுங்காக இருக்கும்போதே சிவப்பு வலது ஓரத்தில் போய் முட்டியிருக்கும், அப்புறம் நல்ல ஆரஞ்சு வானம் தட்டையான மஞ்சளாகிவிடும். முட்டினால் ஷட்டர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். சூரிய வட்டம் வெள்ளையாகப் போனால் போகட்டும், அதைச் சுற்றியுள்ள நிறம்தான் முக்கியம். ரா ஃபைலில் (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் கோப்பில்) இருட்டை ஓரளவு தூக்கிவிடலாம், முழுக்க வெளுத்துப்போன இடத்தில் மீட்க ஒன்றும் இருக்காது.

குறைகளும் உண்டு. பணகுடி, வள்ளியூர் பக்கம் நின்று மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பின்னால் விழும் சூரியனை எடுத்தால் இது உதவாது. முகடு ஏறி இறங்குகிறது, ஃபில்டரின் கோடோ நேராக இருக்கிறது, மலையின் மேல்பாதியில் பட்டையாக இருட்டு விழும். தென்னை, கலங்கரை விளக்கம் எது குறுக்கே நின்றாலும் இதே கதைதான். அங்கெல்லாம் முக்காலியில் வைத்து 2 ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்துச் சேர்ப்பதே நல்லது. அலையும் படகும் அசைகிற இடத்தில் அந்தச் சேர்க்கை பிசிறடிக்கும், அங்கே ஃபில்டருக்குத்தான் என் ஓட்டு. தூரத்தை அருகில் காட்டும் டெலி லென்ஸில் கருமையின் விளிம்பு அகன்று கரைந்துவிடுவதால் பெரிய பலனில்லை. சூரியன் ஃபிரேமுக்குள்ளேயே இருப்பதால் கூடுதல் கண்ணாடி ஃபிளேரையும் (ஒளி சிதறிப் படத்தில் விழும் புள்ளிகள், மூட்டம்) கூட்டும், அதிலும் உப்புத் துளி ஒட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம்.

வாங்கும்போது விலை குறைவான ரெசின் என்ற பிளாஸ்டிக்கைவிடக் கண்ணாடியைப் பாருங்கள், கீறல் அவ்வளவு சீக்கிரம் விழாது. கடையிலேயே வெள்ளைத் தாளுக்கு மேல் பிடித்துப் பாருங்கள், கருமையில் ஊதா சாயல் தெரிந்தால் வேறு கேளுங்கள்.