கூறைச்சேலையிடம் தோற்ற ஒளிமானி

இரண்டு வருடங்களாகக் கழுத்தில் தொங்கிய கை ஒளிமானி இப்போது அலமாரிக்குள் கிடக்கிறது. கல்யாணப் படம் எடுக்க இனி ஹிஸ்டோகிராம்தான்: படத்தில் இருள் இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாக எவ்வளவு இருக்கிறது என்று கமராத் திரை காட்டும் வரைபடம்.

ஒளிமானியைக் குறை சொல்ல மாட்டேன். கமராவுக்குள் இருக்கும் மானி, பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்து எதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி மங்கும். கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் கருங்கல் தூண் வெளிறும். கை ஒளிமானியின் வெள்ளைக் குமிழை முகத்தருகே வைத்துக் கமராவை நோக்கித் திருப்பினால், அது விழும் ஒளியையே அளக்கும். துணியின் நிறத்துக்கு ஏமாறாது. ஆனால் தாலி கட்டும் நேரத்தில் மணவறைக்குள் குமிழை நீட்டினால் தாய்மாமன் சும்மா விடுவாரா?

அதைக்கூடச் சமாளித்துவிடலாம். என்னை மாற்றியது கூறைச்சேலை. வெள்ளவத்தையில் ஒரு மண்டபம், மஞ்சள் விளக்குகள். மானி சொன்னபடியே எடுத்தேன். திரையில் ஹிஸ்டோகிராமும் வலது ஓரத்தைத் தொடவில்லை, அதாவது வெளிச்சம் மிஞ்சியதாகக் காட்டவில்லை. வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் முகம் அருமை, சேலையிலோ மடிப்பும் இல்லை, இழையும் இல்லை. சிவப்புக் காகிதத்தை வெட்டி ஒட்டியதுபோல் இருந்தது.

நான் பார்த்தது மூன்று நிறங்களையும் ஒன்றாகக் கலந்து காட்டும் ஒற்றை ஒளிர்வு ஹிஸ்டோகிராம். வழக்கமான கணக்கில் அதில் பச்சைக்கு ஏறத்தாழ 59 சதவீத எடை, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11. சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்தாலும் அது அசையாமல் நடுவில் நிற்கும். மூன்று நிறங்களையும் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்தால், சிவப்பு மேடு வலது சுவரில் மோதி நிற்பது உடனே தெரியும். இப்போது அதைப் பார்த்து வெளிச்சத்தை மூன்றில் இரண்டு ஸ்டொப் குறைக்கிறேன் (ஒரு ஸ்டொப் குறைத்தால் ஒளி பாதியாகும்). முகத்தின் இருளை, கமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பில் தூக்கிவிடலாம். போன இழை திரும்பாது.

ஒன்று மட்டும்: இந்த ஹிஸ்டோகிராமை கமரா, தானே பதப்படுத்திய ஜேபெக் படத்திலிருந்துதான் வரைகிறது. மஞ்சள் வெளிச்சத்தில் வெண்சமநிலையை (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை) பகலொளியில் விட்டால் சிவப்பு தேவைக்கு மேல் ஏறிப் பயமுறுத்தும். அதை முதலில் சரிசெய்துவிட வேண்டும்.

காலிமுகத்திடல் வெயிலில் திரையில் படம் தெரியாது, ஹிஸ்டோகிராமின் மேடு பள்ளம் தெரியும். அதுவும் ஒரு வசதி. ஸ்டூடியோவில் பல பிளாஷ்களைச் சமன்செய்ய மானியே மேல் என்று தோன்றுகிறது. நான் அப்படி எடுத்தது இரண்டு மூன்று தடவைதான். படச்சுருளுக்கு ஹிஸ்டோகிராமே கிடையாது. தம்பி பழைய பிலிம் கமரா ஒன்று வாங்கியிருக்கிறான், அலமாரிச் சாவியைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.