ஜோஹன்னஸ்பர்க் கான்ஸ்டிடியூஷன் ஹில்: சிறையோடு திரும்பிவிடாதீர்கள்

பழைய சிறையும் தென்னாப்பிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இந்த இடத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். எங்கள் டூர் ஏற்பாட்டாளர் ஒரு மணி நேரம்தான் கொடுத்தார், அது சிறையைப் பார்க்கவே சரியாகப் போய்விட்டது, அதனால் மறுநாள் காலையில் நான் தனியாக மறுபடியும் போனேன்.

சிறை மனதை உலுக்கிவிடும். கறுப்பின ஆண்களை அடைத்து வைத்த நம்பர் ஃபோர் என்ற பகுதியில் காந்தி 1908இல் இருந்திருக்கிறார், அதே வளாகத்தின் பழைய கோட்டையில் மண்டேலா 1962இல். ஆனால் நான் எழுத வந்தது பக்கத்திலேயே இருக்கும் அரசியலமைப்பு நீதிமன்றத்தைப் பற்றி.

விசாரணைக் கைதிகளை வைத்திருந்த கட்டடத்தை இடித்து, அதே செங்கல்லில் நீதிமன்ற அறைக்குச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள், மேலே பூச்சுகூட இல்லை. நீதிபதிகளின் மேசை முகப்பில் மாட்டுத்தோல், ஒவ்வொன்றிலும் வேறு வேறு புள்ளிகள். அவர்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் நீளமாக ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளே தலை உயரத்தில் இருப்பது வெளியே தரைமட்டம். நான் உட்கார்ந்திருந்தபோது ஒரு ஜோடி பள்ளிக்கூட ஷூ அந்த நாற்காலிகளுக்கு மேலே ஓடிப்போனது. யாருக்காகத் தீர்ப்பு எழுதுகிறோம் என்பது மறக்கக்கூடாது என்றுதான் அப்படிக் கட்டினார்களாம்.

கட்டடம் திறந்தது 2004இல், நீதிமன்றம் அதற்கு முன்பே 1995 பிப்ரவரியில் வேலையைத் தொடங்கிவிட்டது. முதலில் விசாரித்ததே மரண தண்டனை வழக்கு. அந்த ஜூனில் 11 நீதிபதிகளும் தனித்தனியாக எழுதி, ஒருமனதாக அந்தத் தண்டனையையே ரத்து செய்தார்கள். செப்டம்பரில் உள்ளாட்சித் தேர்தல் சட்டத்தை மாற்றி அப்போது ஜனாதிபதியாக இருந்த மண்டேலா போட்ட ஆணைகளையே செல்லாது என்றார்கள், அவரும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். நேற்றுவரை நிறவெறி ஆட்சியில், சட்டம் என்றாலே கறுப்பினத்தவர் நடமாடக் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகமும் போலீஸ் வேனும்தான் என்று பார்த்த மக்களுக்கு, நாட்டின் பெரிய மனிதரும் சட்டத்துக்கு உட்பட்டவர் என்று தெரிந்த நாள் அது. அப்புறம் 1996இல், தேர்ந்தெடுக்கப்பட்ட சபை எழுதிய அரசியலமைப்பையே, நிறவெறி ஆட்சியை முடிக்க நடந்த பேச்சுவார்த்தையில் ஒத்துக்கொண்ட 34 கோட்பாடுகளோடு முழுதாக ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். திருத்தி எழுதிக் கொண்டுவந்த பிறகு டிசம்பரில்தான் ஒப்புதல். பேச்சுவார்த்தையில் இருந்த இரண்டு தரப்பும் நம்பிய நடுவராக இந்த நீதிமன்றம் இருந்ததால்தான் அந்த ஆட்சி மாற்றம் பாதியில் உடையாமல் கரை சேர்ந்தது என்று நான் நினைக்கிறேன்.

போவதற்கு முன்னால் இந்த மூன்று தீர்ப்புகளைப் பற்றிக் கொஞ்சம் படித்துக்கொள்ளுங்கள், சுவர்களும் ஜன்னலும் வேறு மாதிரி தெரியும். வாசலில் உரிமைகளைச் செதுக்கிய பெரிய மரக்கதவை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். வழக்கு நடக்கும் நாளில் பொதுமக்களும் உள்ளே உட்கார்ந்து கேட்கலாம். நான் போன அன்று வழக்கு இல்லை, அடுத்த முறை விசாரணைத் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போடுவேன்.