"டேட்டா எதுவும் போகாது சார்" என்கிற சர்வீஸ் கடைகள்: உஷார்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடித்துக்கொண்டதால், பலரும் சிஸ்டத்தைக் கடைக்குத் தூக்கிப் போய் விண்டோஸ் 11 போட்டு வருகிறார்கள். நானும் எங்கள் ஊர்க் கடை ஒன்றில் கொடுத்தேன். "டேட்டா எதுவும் போகாது சார், பேக்கப் எடுத்துட்டுத்தான் போடுவோம்" என்றார்கள். ரசீதில் 'டேட்டா பேக்கப்' என்று தனியாக 500 ரூபாய் வேறு.

திரும்பி வந்த சிஸ்டத்தின் டெஸ்க்டாப்பில் ரீசைக்கிள் பின்னும் எட்ஜும்தான் இருந்தன.

நான் டிடிபி வேலை செய்கிறவன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கோயில் திருவிழா அழைப்பிதழ் என்று கையில் இருக்கிற வேலையெல்லாம் டெஸ்க்டாப்பில்தான் கிடக்கும். இடது ஓரம் டைப் அடிக்க வேண்டியவை, நடுவில் ப்ரூஃப் போனவை, வலது மேல் மூலையில் அச்சாகியும் காசு வராதவை. ஐகான்களைத் தானாக வரிசைப்படுத்திவிடும் ஆட்டோ அரேஞ்சை எப்போதும் அணைத்தே வைத்திருப்பேன். மற்றவர்களுக்கு அது குப்பைமேடாகத் தெரியலாம். எந்தப் பார்ட்டியின் வேலை எங்கே நிற்கிறது என்று எனக்குப் பார்த்தவுடன் தெரியும். வால்பேப்பரைத் தவிர ஒன்றும் இருக்கக் கூடாது என்பவர்களும் உண்டு. அது அவரவர் வசதி.

கடையில் போய்க் கேட்டால், "டெஸ்க்டாப்ல யாராவது ஃபைல் வைப்பாங்களா சார்? டி டிரைவ் அப்படியே இருக்கு பாருங்க" என்கிறார்கள். டி டிரைவைத் தொடாமல் விடுவதற்குத்தான் அங்கே பேக்கப் என்று பெயர்! டெஸ்க்டாப் என்பது சி டிரைவில், யூசர்ஸுக்குள் நம் பெயரில் இருக்கும் ஃபோல்டரில்தான் இருக்கிறது. சி-யை ஃபார்மட் அடித்தால் அதுவும் போச்சு, டவுன்லோட்ஸும் டாக்குமெண்ட்ஸும் போச்சு. ஃபார்மட் அடிக்காமல் போட்டிருந்தால் 'விண்டோஸ்.ஓல்டு' ஃபோல்டரிலாவது பழையது கிடந்திருக்கும். என்னுடையது எஸ்எஸ்டி. ஃபார்மட் ஆனதும், அழித்த இடத்தைத் துடைத்துவிடும் டிரிம் ஓடிவிடுவதால் ரெக்கவரி சாஃப்ட்வேரிலும் ஒன்றும் தேறவில்லை.

இன்னொரு கொடுமை, வருடக்கணக்கில் சேர்த்த தமிழ் ஃபான்ட்கள். அவையும் சி-யில்தான் இருந்தன. டி-யில் தப்பித்த பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்தால், மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள், புள்ளி இருந்த இடத்தில் எல்லாம் அரைப்புள்ளி. பாமினி ஃபான்ட் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பது; அது இல்லாவிட்டால் அப்படித்தான் வரும். இப்போது வாட்ஸ்ஆப்பில் பார்ட்டிகளுக்கு அனுப்பிய ப்ரூஃப் படங்களைப் பார்த்துத் திரும்ப டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன். அந்த 500 ரூபாயைக் கேட்டதற்கு, ஆன்டிவைரஸ் இலவசமாகப் போட்டுத் தருகிறார்களாம்.

சிஸ்டத்தைக் கொடுக்கும்போது 'பேக்கப்' என்ற ஒற்றை வார்த்தையை நம்பாதீர்கள். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், ஃபான்ட்ஸ் என்று ரசீதில் பெயர் பெயராக எழுதி வாங்குங்கள். முடிந்தால் பென் டிரைவில் நீங்களே ஒரு காப்பி எடுத்துவிடுங்கள். என்னைப்போல எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில் போடுகிறவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: யூசர்ஸுக்குள் இருக்கும் டெஸ்க்டாப் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் லொக்கேஷன் என்ற இடத்தில் மூவ் கொடுத்து, டி டிரைவில் ஒரு ஃபோல்டரைக் காட்டி, அப்ளை கொடுங்கள். ஐகான்கள் வழக்கம்போல் திரையில் இருக்கும், ஃபைல்கள் டி-யில் இருக்கும்.