சட்ட உதவியாளர் சான்றிதழ்: ஆறு ஆண்டு கழித்து ஒரு வரவு செலவு

பாராலீகல் என்று இன்று அழைக்கப்படும் சட்ட உதவியாளர் வேலைக்கான சான்றிதழை நான் வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. படித்து முடித்த சூட்டோடு எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். அடுத்த ஏழு மாதம் வேலை தேடி அலைந்தபோது எழுதியிருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். இரண்டும் ஆறிவிட்டதால் இப்போது கணக்கு ஓரளவு நேராக வரும் என்று நினைக்கிறேன்.

முதலில் செலவு. கட்டணம் அப்போதைய என் நான்கு மாதச் சம்பளம். அதுதான் மொத்தம் என்று நம்பிச் சேர்ந்தேன். பாடநூல்கள், தீர்ப்புகளைத் தேடும் இணையச் சந்தா, தேர்வுக் கட்டணம் என்று சில்லறை சில்லறையாக இன்னொரு மாதச் சம்பளம் கழன்றது. இவற்றையெல்லாம்விட வலித்தது மாலை நேரம். வாரம் மூன்று வகுப்பு, பதினொரு மாதம். பழைய அலுவலகத்தில் கூடுதல் நேரம் வேலை பார்த்துச் சம்பாதித்துக்கொண்டிருந்ததை அடியோடு விட வேண்டியிருந்தது. அந்த இழப்பு மூன்று மாதச் சம்பளம். ஆக, எட்டு. புதிய வேலையில் பழையதைவிடக் கால் பங்கு கூடுதலாகக் கிடைத்தது. போட்டதை எடுக்க 32 மாதம் ஆயிற்று. சேரும்போது கையில் கொடுத்த வண்ணக் கையேட்டில் ஆறே மாதம் என்று போட்டிருந்தார்கள்.

சேரும் முன் நான் விசாரிக்காத ஒன்று உண்டு. ஒரு பாடத்திட்டத்தை முடித்ததற்குத் தரும் சான்றிதழ் வேறு, தொழில் அமைப்பு ஒன்று தேர்வு வைத்துத் தரும் தகுதி வேறு, தொழில் செய்வதற்கான உரிமம் வேறு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிச் சொல்வதில் பயிற்சி நிலையங்களுக்கு லாபம் இருக்கிறது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் பாடத்திட்டங்களுக்குத்தான் அங்கீகாரம் தருகிறது, படித்த ஆளுக்கு அல்ல. அங்கே நாலா என்ற பாராலீகல் அமைப்பு 1976 முதல் தனித்தேர்வு நடத்துகிறது. அதில் தேறியவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 50 மணி நேரத் தொடர்கல்வியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். கலிபோர்னியாவில் பாராலீகல் என்று தன்னைச் சொல்லிக்கொள்வதற்கே சட்டம் தகுதி விதித்திருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவிலோ 2007 முதல் இது உரிமம் பெற்ற தொழில். உரிமம் உள்ளவர் சிறு வழக்கு மன்றத்தில் கட்சிக்காரருக்காக நின்று வாதாடவே செய்யலாம். ஒரே பெயர், ஊருக்கு ஊர் வேறு வேலை. ஆகவே 'இந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டா' என்பதைவிட, 'நான் வேலை பார்க்கப் போகும் இடத்தில் இதை யார் மதிக்கிறார்கள்' என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

பாடங்கள் ஒன்பது. ஒப்பந்தச் சட்டம், சொத்துச் சட்டம் என்று ஐந்து தாள்கள் சட்டப் படிப்பின் சுருக்கப் பதிப்புதான். சுவையாக இருந்தன, அவ்வளவே. உழைத்துக் கொடுத்தவை இரண்டு: வழக்கை எந்த முறையில், எந்தக் கெடுவுக்குள் நடத்த வேண்டும் என்று சொல்லும் நடைமுறைச் சட்டமும் சட்ட எழுத்தும்.

நடைமுறைச் சட்டம் என்னை ஒருமுறை காப்பாற்றியது. முப்பது நாளுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டிய ஒரு வழக்கில் அலுவலக நாள்காட்டியில் கெடு அடுத்த மாதம் 12 என்று இருந்தது. உறையைப் பார்த்தேன். வழக்கு ஆவணம் எங்களுக்குச் சேர்ப்பிக்கப்பட்ட நாள் அந்த மாதம் 9. இடையில் விடுமுறை வந்ததால் உள்வரவு முத்திரை 12ஆம் தேதிதான் விழுந்திருக்கிறது, முத்திரையைப் பார்த்தே எண்ணிவிட்டார்கள். சேர்ப்பித்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ணு, கடைசி நாள் விடுமுறையானால் அடுத்த வேலைநாள் என்று எங்கள் ஆசிரியர் சலிக்கச் சலிக்க எண்ண வைத்த பழக்கம் அன்று கைகொடுத்தது. அந்த ஒரு பிடியில் என் கட்டணத்தின் பாதி வசூலாகிவிட்டதாகவே கருதுகிறேன்.

நேர்மாறாக இன்னொன்று. வேலையில் சேர்ந்த முதல் மாதம், எதிர்த்தரப்புக்கு அனுப்ப வேண்டிய நாற்பது பக்க மருத்துவ ஆவணங்களில் அடையாள விவரங்களை மறைக்கச் சொன்னார்கள். பக்கங்களுக்கு வரிசையாகப் பேட்ஸ் எண் இட்டேன். 1890களில் எட்வின் பேட்ஸ் காப்புரிமை பெற்ற எண் முத்திரையின் பெயர் கணினிக் காலத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு பெயர், பிறந்த தேதி எல்லாவற்றின் மேலும் அழகாகக் கறுப்புக் கட்டம் வரைந்து மூத்தவரிடம் நீட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரையில் கறுப்புக் கட்டத்தைத் தேர்ந்து, நகலெடுத்து, வெற்றுப் பக்கத்தில் ஒட்டினார். நோயாளியின் முழுப் பெயரும் எழுத்துப் பிசகாமல் வந்து நின்றது. "எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டார். ஆவண மேலாண்மைத் தாளில் நான் 91 மதிப்பெண். எதை மறைக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாகக் கற்பித்தவர்கள், எப்படி மறைக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் கணினி முன் உட்கார வைக்கவில்லை.

வேலை கிடைத்த கதையும் இப்படித்தான். நாற்பது விண்ணப்பங்களில் மூன்று நேர்காணல். சான்றிதழ் சல்லடையைத் தாண்ட வைத்தது, உண்மை. ஆனால் வேலை கொடுத்தவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டு பக்கச் சாட்சி வாக்குமூலத்தைக் கையில் கொடுத்து, நாற்பது நிமிடத்தில் தேதிவாரியாக ஒரு பக்கத்தில் சுருக்கித் தரச் சொன்னார். சட்ட எழுத்து வகுப்பில் அதையே பதினான்கு முறை செய்திருந்தேன்.

இந்த வேலையில் எவ்வளவு உயரம் போகலாம் என்று கேட்டால், கூரை தாழ்வுதான். என்ன அனுபவம் இருந்தாலும் கட்சிக்காரருக்கு நானாகச் சட்ட ஆலோசனை சொல்ல முடியாது. நான்காம் ஆண்டிலிருந்து, சான்றிதழ் இல்லாமல் அதே அனுபவம் உள்ள சக ஊழியரும் நானும் ஒரே சம்பளம். என்னோடு படித்துவிட்டுச் சட்டக் கல்லூரிக்குப் போன இருவருக்கும் இதற்காக ஒரு பாடம்கூடக் கழித்துத் தரப்படவில்லை.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையைத் தின்றுவிடாதா என்கிறார்கள். 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம், சாட்ஜிபிடி கற்பனையாகப் பெற்றெடுத்த தீர்ப்புகளை மனுவில் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் மேற்கோள் சரிபார்ப்பு எனக்குக் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. ஆனால் சுருக்கம் எழுதும் வேலை குறைந்துகொண்டு வருகிறது. என்னை உள்ளே சேர்த்ததே அதுதான் என்பதால் கொஞ்சம் உறுத்துகிறது.

என் கணிப்பு இது. வழக்கறிஞர் அலுவலக வாசலையே மிதிக்காதவர், வேறு துறையிலிருந்து வருபவர் படிக்கலாம். ஏற்கெனவே உள்ளே இருப்பவர் கைக்காசு போட வேண்டியதில்லை, முதலாளியைக் கட்டச் சொல்லலாம். கட்டணத்தைக் கேட்கும் முன் பாடத்திட்டத்தில் எத்தனை மணி நேரம் கைவேலை என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

அடுத்த மாதம் மின்னணுச் சான்றுகள் குறித்து இரண்டு நாள் வகுப்புக்குப் போகிறேன். கட்டணம் அலுவலகத்தினுடையது. ஆவணங்களில் அடையாள விவரங்களை மறைப்பதற்கு அதில் மூன்று மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். பெயர் கொடுக்கச் சொன்னதே அந்த மூத்தவர்தான்.