மெயில் ஃபில்டர் வாங்கும் முன் அதன் பழைய கணக்கைப் பாருங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு மொத்த வியாபாரம் செய்கிறேன். வெளிமாநில ஆர்டர் பாதி மெயிலில்தான் வரும். தை மாதம் ஒருவர் வந்து, "தானா கத்துக்கிற ஏஐ ஃபில்டர்ங்கண்ணா, குப்பை ஒண்ணுகூட உள்ள வராது" என்று ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போனார். 38,000 ரூபாய். வருஷப் பராமரிப்பு தனி.

குப்பை நின்றது உண்மை. கூடவே ஆர்டரும் நின்றது. விஜயவாடா பார்ட்டி போனில், "12 கிலோவுக்கு எழுதி ஒன்பது நாளாச்சு, வேற இடத்துல வாங்கிட்டேன்" என்றார். ஸ்பாம் ஃபோல்டரைத் திறந்தால் அவருடையதோடு 31 ஆர்டர் கிடக்கிறது.

அக்கா மகன் பெட்டியைக் குடைந்தான். உள்ளே இருந்தது ஸ்பாம்அசாசின் என்ற, குப்பை மெயிலை வடிகட்டும் மென்பொருள். யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். சரி, மாட்டின கூலி என்று விடலாம். ஆனால் அது எத்தனை மெயிலைப் படித்துக் கற்றது என்று அவன் 'எஸ்ஏ-லேர்ன்' கட்டளை போட்டுக் காட்டிய கணக்கில் குப்பை 6,140, நல்ல மெயில் 912. அதில் இருந்த மிகப் பழைய தேதி, நாங்கள் வாங்கியதற்கு எட்டு மாதம் முந்தையது! வேறு யாருடைய மெயிலிலோ படித்த மூளையை அப்படியே நகலெடுத்து எங்களுக்கு விற்றிருக்கிறார்கள்.

அது ஏன் தப்பு என்று பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினான். பேயஸ் கணக்காம், மெயிலில் உள்ள சொல்லை வைத்து அது குப்பையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று பார்ப்பது. 'சில்வர்' என்ற சொல் 100 குப்பை மெயிலில் 60-இல் வருகிறது, நல்லதில் 2-இல்தான் என்று வையுங்கள். இரண்டும் சரிபாதியாக வரும் இடத்தில், அந்தச் சொல் வந்தாலே 60/62, அதாவது 97 சதவீதம் குப்பை. எங்களுக்கு வரும் நல்ல மெயில் நூற்றில் 90-இல் 'சில்வர்' இருக்கும். அப்போது 60/150, வெறும் 40. 'அட்வான்ஸ்', 'டிஸ்கவுண்ட்' எல்லாம் இதே கதைதான். கொலுசுக் கடைக்கு வெள்ளி என்றாலே மோசடி என்று படித்த காவலாளி!

விற்றவரைக் கேட்டால், "போகப் போகக் கத்துக்குங்கண்ணா" என்கிறார். பணத்தைத் திருப்பித் தர மாட்டாராம்.

வாங்குகிறவர்கள் காசு கொடுக்குமுன் அந்த 'எஸ்ஏ-லேர்ன்' கணக்கைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். புதுப் பெட்டியில் குப்பை, நல்லது இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

பையன் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கியிருக்கிறான். இரு பக்கமும் 200 சேர்ந்தால்தான் அந்தப் பேயஸ் வேலையே ஆரம்பிக்குமாம். குப்பை இரண்டே நாளில் 200 தாண்டிவிட்டது. நல்லதை ராத்திரி கடை சாத்தினதும் நானும் வீட்டுக்காரியும் பொறுக்கிப் போடுகிறோம், இன்றைக்கு 143.