கஹர்சிவீன் பழைய பாரக்ஸ்: கண்காட்சிக்காக அல்ல, கட்டடத்துக்காகப் போங்கள்

அயர்லாந்தின் கெர்ரி கடற்கரையைச் சுற்றிவரும் வண்டிகள் பெரும்பாலும் கஹர்சிவீனில் நிற்காது. கட்டட வேலை தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கட்டாயம் நிறுத்துங்கள். கடைத்தெருவிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கினால் பாலத்துக்கு முன்னால் நிற்கிறது பழைய பாரக்ஸ். வெள்ளைச் சுவர், ஸ்லேட் கற்கள் வேய்ந்த கூம்புக் கூரைகள், உயரமான கோபுரங்கள். ஒரு சிற்றூர்ப் போலீஸ் ஸ்டேஷன் இது என்று சொன்னால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

நாம் இந்தியர் என்று தெரிந்தால் அந்தக் கதையைக் கட்டாயம் சொல்வார்கள்: இந்தியாவின் வடமேற்கு எல்லைக்குப் போகவேண்டிய கட்டட வரைபடம் மாறி இங்கே வந்துவிட்டதாம். கேட்கச் சுவையாக இருக்கிறது, ஆனால் எனக்கு நம்பிக்கை இல்லை. இதை வரைந்தவர் அரசுப் பொதுப்பணித் துறையின் கட்டடக் கலைஞர் ஈனாக் ட்ரெவர் ஓவன். இந்தக் கோட்டை பாணி அவருக்குப் பிடித்தமானது. அதோடு, இங்கே கோட்டை கட்ட அன்று அயர்லாந்தை ஆண்ட பிரிட்டிஷாருக்குக் காரணமும் இருந்தது.

1866-இல் வட அமெரிக்காவோடு செய்தித் தொடர்புக்கான அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பி பக்கத்திலிருக்கும் வாலென்ஷியா தீவில் கரையேறியது. அடுத்த வருடமே இதே வட்டாரத்தில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஃபீனியன் என்ற ஐரிஷ் விடுதலை இயக்கத்தாரின் கிளர்ச்சி. கம்பியும் கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் ஆட்சிக்கு. 1870-75-இல் இந்தக் கட்டடம் எழுந்தது. மூலைக் கோபுரத்தின் அடியில் நின்று பாருங்கள். அது வெளியே தள்ளி நிற்பதால், உள்ளே இருப்பவனுக்குச் சுவரோரம் முழுக்கத் தெரியும். அலங்காரம் என்று நாம் நினைப்பது காவலுக்கான ஏற்பாடு. அன்றைய ஐரிஷ் போலீஸ் துப்பாக்கி வைத்திருந்த படை. ஸ்டேஷனிலேயே தங்குவார்கள், அதனால்தான் பாரக்ஸ், அதாவது படையினர் தங்குமிடம், என்ற பெயர். ஆனால் மற்ற ஊர்களில் அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் சாதாரண மாடி வீடு, அதுவும் வாடகைக்கு.

1922 உள்நாட்டுப் போரில், பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தை ஏற்காத ஐரிஷ்காரர்கள் இதை எரித்தார்கள். பல பத்தாண்டுகள் கூரையில்லாமல் கிடந்ததை 1990-களில் ஊர்க்காரர்கள் முன்நின்று மீட்டார்கள். தங்களை அடக்க எழுப்பிய கட்டடத்தை, இடித்துக் கல்லை எடுத்துக்கொள்ளாமல், காப்பாற்றியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். உள்ளே பழைய மரவேலை இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், எல்லாம் தீயோடு போனது. பழமை வெளிச்சுவரிலும் உருவத்திலும்தான் இருக்கிறது. இப்போது உள்ளே கண்காட்சி. இந்த ஊருக்குப் பக்கத்தில் 1775-இல் பிறந்த, கத்தோலிக்கர் உரிமைக்காகப் போராடிய ஐரிஷ் தலைவர் டேனியல் ஓ'கானல், கிளர்ச்சி, தந்திக் கம்பி எல்லாம் அதில் உண்டு. நிதானமாகப் படிக்கலாம்.

ஒரு கவலையையும் சொல்லிவிடுகிறேன். 2013-இல் மட்டும் அயர்லாந்தில் 100 போலீஸ் நிலையங்களை மூடினார்கள், முக்கால்வாசி சிற்றூர்களில். கோபுரம் இருக்கும் கட்டடத்துக்கு ஊரே திரளும். நான்கு ஜன்னலும் ஓட்டுக்கூரையும் உள்ள சாதா ஸ்டேஷனுக்கு யார் வருவார்கள்? அந்த ஊர்களுக்கு அதுவும் வரலாறுதான்.

முழு உருவத்தைப் பார்க்கப் பாலத்துக்கு நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள். அப்புறம் பாலத்தைத் தாண்டிப் போனால் காஹர்கால் கல்கோட்டை. அரை நாள் ஒதுக்கினால் இரண்டையும் நன்றாகப் பார்க்கலாம். திறந்திருக்கும் நேரம் பருவத்துக்குத் தகுந்து மாறலாம், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.