வைத்திருப்பதா, அனுப்புவதா, பெஞ்சில் உட்கார வைப்பதா: அடிக்கத் திணறும் இளம் அவுட்ஃபீல்டரை என்ன செய்வது?

1951ஆம் ஆண்டு நியூயார்க்கில் இரண்டு பையன்கள் ஒரே பருவத்தில் பேஸ்பால் மட்டையோடு திண்டாடினார்கள். ஜெயண்ட்ஸ் அணியின் வில்லி மேஸுக்கு 20 வயது. யாங்கீஸ் அணியின் மிக்கி மேன்டிலுக்கு 19. இருவரும் அவுட்ஃபீல்டர்கள், அதாவது தூரத்தில் நின்று பறந்து வரும் பந்துகளைப் பிடிப்பவர்கள். ஒரு அணி தன் பையனை விடாமல் வைத்துக்கொண்டது. இன்னொரு அணி தன் பையனைக் கீழ்மட்ட லீகுக்கு அனுப்பிவிட்டது. இரண்டுமே சரியான முடிவுதான் என்பது என் கட்சி. அது எப்படி என்று சொல்லத்தான் இந்த அலசல்.

முதலில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். பேஸ்பாலில் அடி சராசரி என்பது எத்தனை முறை மட்டை பிடித்தார், அதில் எத்தனை முறை அடித்து பேஸை (ஓடி எட்ட வேண்டிய மூலையை) எட்டினார் என்ற வகுத்தல், அவ்வளவுதான். பத்துக்கு மூன்று என்றால் 0.300. அது நல்ல ஆட்டக்காரர். பத்துக்கு இரண்டு என்றால் வேலை போகும் நிலை. பத்துக்கு ஏழு முறை தோற்பவரைக் கொண்டாடும் விளையாட்டில், ஒரு இளைஞன் தோற்கிறானா, வழக்கம்போலத்தான் ஆடுகிறானா என்று பிரித்துப் பார்ப்பது லேசான வேலை இல்லை.

சரி, மேஸிலிருந்து தொடங்கலாம். கீழ்மட்ட லீகில் மினியாபொலிஸ் அணிக்காக 35 ஆட்டங்களில் 0.477 அடித்துக்கொண்டிருந்தவரை ஜெயண்ட்ஸ் மே மாதம் மேலே அழைத்தது. (அவரைப் பறித்துக்கொண்டதற்காக மினியாபொலிஸ் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் செய்தித்தாளில் விளம்பரமே கொடுத்தார்கள்.) வந்தவர் முதல் 12 முறை மட்டை பிடித்ததில் ஒன்றுமே அடிக்கவில்லை. 13ஆவது முறை, மே 28 அன்று, போலோ கிரவுண்ட்ஸில், வாரன் ஸ்பான் வீசிய பந்தை இடப்பக்கக் கூரைக்கு மேலே தூக்கி அனுப்பினார். அப்பாடா என்று எல்லாரும் மூச்சு விட்டிருப்பார்கள். அடுத்த 13 முறையும் பூஜ்யம். மொத்தம் 26க்கு 1.

ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து மேஸ் அழுதார், தன்னைக் கீழே அனுப்பிவிடச் சொன்னார். மானேஜர் லியோ டுரோச்சர், நான் இந்த அணியில் இருக்கும்வரை நீதான் என் சென்டர் ஃபீல்டர் (அவுட்ஃபீல்டின் நடுவில் நிற்பவர்) என்றார். இந்தப் பகுதி எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த வரி. பேன்ட்டைக் கொஞ்சம் மேலே இழுத்துப் போடு என்றாராம் டுரோச்சர். முழங்காலுக்குக் கீழே தொங்கும் பேன்ட்டைப் பார்த்து, தாழ வரும் பந்துகளையும் நடுவர் ஸ்டிரைக் (அடிக்கத் தக்க எல்லைக்குள் வந்த பந்து, மூன்று சேர்ந்தால் ஆட்டக்காரர் வெளியே) என்று சொல்கிறார் என்பது அவர் கணிப்பு. மேஸே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொன்ன விஷயம் இது. வரிசையில் மூன்றாவதாக ஆடவந்தவரை எட்டாவது இடத்துக்கு இறக்கியதும் அப்போதுதான். ஆறுதலோடு கூடவே பாரத்தையும் குறைத்தார், கையில் ஒரு வேலையையும் கொடுத்தார். பருவம் முடிந்தபோது மேஸின் கணக்கு 0.274, 20 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி, வேலியைத் தாண்டும் அடி), அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் விருது.

மேன்டில் பக்கம் வந்தால் படம் வேறு. முந்தைய ஆண்டு ஜாப்லின் என்ற சிறிய ஊர் அணியில் ஷார்ட்ஸ்டாப்பாக, அதாவது உள்வட்டத்தில், ஆடியவர். அடித்தது 0.383. அங்கிருந்து படிகளைத் தாண்டி நேராக யாங்கீஸுக்கு வந்தார். அவுட்ஃபீல்டில் நிற்பதே அந்த வசந்தத்தில்தான் கற்றுக்கொண்டது. ஜூலை நடுவில் கீழ்மட்ட லீகில் இருந்த கன்சாஸ் சிட்டி அணிக்கு அனுப்பினார்கள். அங்கே போய் முதலில் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு ஓடி பேஸை எட்டினார். அந்த அணியின் மானேஜர் ஜார்ஜ் செல்கர்க், நீ இங்கே தட்ட வரவில்லை, அடிக்க வந்திருக்கிறாய் என்றார். அதற்கப்புறம் நீண்ட வறட்சி. துவண்டுபோய் அப்பாவுக்குப் போன் போட்டார். ஓக்லஹோமாவில் ஈயமும் துத்தநாகமும் எடுக்கும் சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா காரை எடுத்துக்கொண்டு வந்தார். தட்டிக்கொடுக்கவில்லை. மகனின் துணிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். ஆம்பளையை வளர்த்தேன் என்று நினைத்தேன், வா, என்னோடு சுரங்கத்துக்கே வா என்றார். நம் வீடுகளிலும் இந்த ரக அப்பாக்களைப் பார்த்திருக்கிறோம். மேன்டில் அங்கேயே தங்கினார். கன்சாஸ் சிட்டியில் 40 ஆட்டங்களில் 0.361 அடித்துவிட்டு ஆகஸ்டு கடைசியில் யாங்கீஸுக்குத் திரும்பினார். அந்தப் பருவத்தில் யாங்கீஸுக்காக 0.267, 13 ஹோம் ரன்.

இந்த இரண்டு கதைகளையும் அப்பா, மானேஜர், கண்ணீர் என்று மட்டும் படித்தால் முக்கியமானது தப்பிவிடும். ஸ்டிரைக்அவுட்டைப் பாருங்கள். பந்தைத் தொட முடியாமலோ, விட்டுப் பார்த்து ஏமாந்தோ, மட்டை வேலையே இல்லாமல் வெளியேறுவது அது. மேஸ் அந்த ஆண்டு 464 முறையில் 60 தடவை அப்படி வெளியேறினார். மேன்டில் 341 முறையில் 74 தடவை. மேஸுக்கு எட்டுக்கு ஒன்று, மேன்டிலுக்கு ஐந்துக்கு ஒன்றை ஒட்டி. அந்தக் காலத்துக்கு இது பெரிய இடைவெளி. மேஸ் பந்தைத் தொட்டுக்கொண்டிருந்தார், அது போய் விழும் இடம் மட்டும் சரியில்லை. மேன்டிலுக்குப் பந்தே பிடிபடவில்லை. கூடவே மேஸ் சென்டர் ஃபீல்டில் நின்றால் அடிக்காத நாளிலும் ஆட்டம் ஜெயிக்க உதவுவார். மேன்டிலோ பிடிப்பதையும் இன்னும் கற்றுக்கொண்டிருந்தார். ஒருவருக்குப் பொறுமை போதும், இன்னொருவருக்குப் பயிற்சி வேண்டும். பயிற்சியைப் பெரிய லீகில் நாற்பதாயிரம் பேர் முன்னால் வைத்துக்கொள்ள முடியாது.

இதே பரீட்சையை எழுபது ஆண்டு கழித்து சியாட்டில் மரினர்ஸ் அணி இரண்டு தடவை எழுதியது.

முதல் தடவை ஜாரெட் கெலெனிக். 2020இல் கொரோனாவால் மைனர் லீக், அதாவது கீழ்மட்ட லீக், பருவமே நடக்கவில்லை. 2021இல் டிரிபிள் ஏ எனப்படும், பெரிய லீகுக்கு ஒரு படி கீழான மட்டத்தில் ஆறே ஆட்டம் ஆடவிட்டு மே 13 அன்று மேலே கொண்டுவந்தார்கள். 83 முறையில் 8 அடி. 0.096. கடைசி 39 முறையில் ஒன்றுகூட இல்லை. ஜூன் தொடக்கத்தில் டிரிபிள் ஏ அணியான டகோமாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். சியாட்டிலில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் காலை ஏழரை மணி வாக்கில் வரும். காபியோடு பார்க்க வசதி. ஆனால் அந்தப் பையன் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டு டக்அவுட்டுக்கு நடந்து வந்ததைப் பார்த்தபோது காபி இறங்கவில்லை. ஜூலையில் திரும்ப வந்தார். 93 ஆட்டங்களில் 14 ஹோம் ரன், 0.181. 2022இல் மறுபடி கீழே, மறுபடி மேலே, 54 ஆட்டங்களில் 0.141. 2023இல் 0.253 வரை தேறினார். அப்போது ஒருநாள் ஸ்டிரைக்அவுட் ஆன கோபத்தில் தண்ணீர்ப் பீப்பாயை உதைத்துக் கால் எலும்பை உடைத்துக்கொண்டார். அந்தப் பருவம் முடிந்ததும் அட்லான்டாவுக்கு மாற்றிவிட்டார்கள்.

இரண்டாவது தடவை ஹூலியோ ரொட்ரிகஸ். இவர் டிரிபிள் ஏ பக்கமே போகாதவர். 2022 பருவத்தின் முதல் நாளே சென்டர் ஃபீல்டில் நிறுத்தினார்கள். ஏப்ரல் முழுக்க ஒரு ஹோம் ரன்கூட இல்லை, அடி சராசரி 0.200ஐ ஒட்டி. கெலெனிக் சூடு இன்னும் ஆறாத ஊர் அது, ரசிகர்கள் நகத்தைக் கடித்தார்கள். ஆனால் மரினர்ஸ் அவரைத் தொடவில்லை. காரணமும் இருந்தது. ஸ்டிரைக் எல்லைக்கு வெளியே போன பந்துகளை நடுவர்கள் அவர் தலையில் ஸ்டிரைக்காகக் கட்டியதைத் தொலைக்காட்சியில் வரும் கட்டமே காட்டிக்கொடுத்தது. மேஸின் பேன்ட் கதைதான் இது, வேறு உடையில். தவிர அடிக்காத நாளிலும் பேஸ் திருடினார் (பந்து வீசும் இடைவெளியில் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது), பந்து பிடித்தார். மே 1 அன்று மயாமியில் முதல் ஹோம் ரன். பருவ முடிவில் 0.284, 28 ஹோம் ரன், 25 பேஸ் திருட்டு, சிறந்த புதுமுகம்.

ஆக கெலெனிக்கை அனுப்பியது தப்பா? இல்லை. ஆறு ஆட்டத்தில் அழைத்ததுதான் அவசரம். ஆனால் அதைவிட ஆட்டக்காரரைப் பாதித்தது வேறொன்று என்று நினைக்கிறேன். அந்த 2021 பிப்ரவரியில், கெலெனிக்கைப் போன்றவர்களை மேலே அழைப்பதில் ஒப்பந்த ஆண்டுகளின் கணக்கும் உண்டு என்று அணியின் தலைவரே ஒரு கூட்டத்தில் உளறிவிட்டு, பதவியிழந்தார். விதி இப்படி: பெரிய லீகில் 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டு சேவை. ஆறு ஆண்டு சேவை ஆனால்தான் ஆட்டக்காரர் சந்தையில் சுதந்திரமாகப் பேரம் பேசலாம். சில வாரம் தாமதமாக அழைத்தால் அணிக்கு ஓர் ஆண்டு லாபம். பையனைக் கீழே வைத்திருப்பது பயிற்சிக்கா, பணத்துக்கா என்ற சந்தேகம் வந்துவிட்டால், எந்த அறிவுரையும் காதில் ஏறாது. 2022 ஒப்பந்தத்தில் இதைக் கொஞ்சம் திருத்தினார்கள். நல்ல புதுமுகத்தை முதல் நாளிலிருந்தே ஆடவிட்டு அவர் விருது வாங்கினால் அணிக்கு டிராஃப்டில், அதாவது புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் சுற்றில், கூடுதலாக ஒரு தேர்வு. ஹூலியோவால் மரினர்ஸுக்கு அது கிடைத்தது.

இனி மூன்றாவது வழி, பெஞ்ச். பெரிய லீகிலேயே வைத்துக்கொண்டு வாரத்தில் இரண்டு நாள், அதுவும் தோதான பிட்சர் (பந்து வீசுபவர்) வந்தால் மட்டும் ஆடவிடுவது. எனக்கு இதில் சுத்தமாக உடன்பாடில்லை. 35 வயதுக்காரருக்கு அது கௌரவமான வேலை. 21 வயதுக்காரருக்கு அது, நீச்சல் குளத்தின் கரையில் உட்கார வைத்து நீச்சல் கற்றுக்கொடுப்பது. வேகமாக வந்து கடைசி நொடியில் வளைந்து விழும் பந்தை நூறு தடவை பார்த்தால்தான் கண் பழகும். உட்கார்ந்து பார்த்தால் பழகாது. நடுவில் ஓரிரு நாள் ஓய்வு கொடுப்பது வேறு விஷயம். மில்வாக்கியின் ஜாக்சன் சோரியோ 2024இல் மே மாத இறுதி வரை 0.210ஐ ஒட்டித் தடுமாறினார். சில நாள் உட்கார வைத்தார்கள், ஆனால் பருவத்தில் 148 ஆட்டங்கள் ஆடினார். 0.275, 21 ஹோம் ரன், 22 பேஸ் திருட்டு என்று முடித்தார். அந்த இரண்டு இருபதுகளையும் ஒரே பருவத்தில் தொட்டவர்களில் மிக இளையவர் அவர்தான்.

கையுறைக்காகவே, அதாவது பந்து பிடிக்கும் திறமைக்காகவே, வைத்திருப்பதும் ஒரு வழி என்பார்கள். பாஸ்டனின் ஜாக்கி பிராட்லி ஜூனியர் 2014இல் 127 ஆட்டம் ஆடி 0.198 அடித்தார். சென்டர் ஃபீல்டில் அவர் பிடித்த பந்துகளுக்காகத்தான் அவ்வளவு நாள் பொறுத்தார்கள், ஆகஸ்டில் கீழே அனுப்பினார்கள். 2016இல் அவரே 26 ஹோம் ரன் அடித்து, சிறந்தவர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். கையுறை காலத்தை வாங்கித் தரும், மட்டையைத் திருத்தித் தராது.

எண்களை நம்புபவன் நான், ஆனாலும் ஒரு பேர் என்னைத் தூங்கவிடாது: ஆரோன் ஜட்ஜ். அடி சராசரி ஒரு முழுப் பருவம் போனாலும் நிலையாகாது, ஸ்டிரைக்அவுட் விகிதம் சில வாரத்திலேயே ஆளைக் காட்டிவிடும் என்பது பொதுவான பாடம். மேலே நானும் அதைத்தான் அளவுகோலாக வைத்தேன். ஜட்ஜ் 2016இல் 84 முறையில் 42 ஸ்டிரைக்அவுட். சரிபாதி. சராசரி 0.179. என் அளவுகோல்படி அவரை அப்போதே பஸ் ஏற்றியிருக்க வேண்டும். யாங்கீஸ் மறு ஆண்டு வசந்தத்தில் ரைட் ஃபீல்ட் இடத்துக்கு அவரை ஆரோன் ஹிக்ஸோடு போட்டிபோட விட்டு, கடைசியில் அவரையே நிறுத்தியது. 2017இல் 52 ஹோம் ரன். அதுவரை எந்தப் புதுமுகமும் அவ்வளவு அடித்ததில்லை. ஸ்டிரைக்அவுட் அப்போதும் 208! பந்தைத் தொட்டால் அது அரங்கைத் தாண்டும் என்றால் கணக்கே மாறிவிடுகிறது.

எனவே முடிவெடுக்கும் இடத்தில் நான் இருந்தால் சராசரியைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். பந்து மட்டையில் படுகிறதா, பட்டால் எவ்வளவு பலமாகப் போகிறது, எல்லைக்கு வெளியே போகும் பந்தைத் துரத்துகிறானா விடுகிறானா, அடிக்காத நாளில் காலாலும் கையுறையாலும் ஏதாவது தருகிறானா. இதில் இரண்டு தேறினாலும் எட்டாவது இடத்தில் இறக்கித் தினமும் ஆடவிடுவேன். ஒன்றும் தேறவில்லை என்றால் டிரிபிள் ஏ, அங்கேயும் தினமும்.

இன்னொன்றும் உண்டு, அது பையன் கையில் இல்லை: அந்த இடத்தில் ஏற்கெனவே யார் நிற்கிறார்? மேன்டில் ரைட் ஃபீல்டில் நின்றதே சென்டரில் ஜோ டிமாஜியோ நின்றதால்தான். 36 வயது, கடைசிப் பருவம், குதிகால் வலி. 1951 அக்டோபர் 5, உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டம். இருவருக்கும் நடுவே ஒரு பந்து உயர வந்தது. டிமாஜியோவால் முன்போல ஓட முடியாது, எட்டுவதையெல்லாம் நீயே பிடி என்று மானேஜர் மேன்டிலிடம் சொல்லியிருந்தார். மேன்டில் முழு வேகத்தில் ஓடினார். பந்துக்கு அடியில் டிமாஜியோ நிதானமாக நின்றுகொண்டிருந்தார். மோதாமல் இருக்க மேன்டில் பிரேக் போட, கால் வடிகால் மூடியில் சிக்கி, வலது முழங்கால் போனது. அந்தப் பந்தை அடித்தவர் வில்லி மேஸ்.

டிமாஜியோ அந்தக் குளிர்காலத்தில் ஓய்வு பெற்றார். 1952இல் மேன்டில் சென்டருக்குப் போய் 0.311 அடித்தார்.